அட்டை எண் ஒன்று

“தலையை இந்தப் பக்கம் திருப்புங்க. இந்தப் பக்கம்னா என் பக்கம்!” என்று படிக்கட்டின் நடுவில் நின்று லைன்மேன் கத்தினார்.

பெரியவரை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத மரப்படிக்கட்டு அது. மேலே இருப்பது ஒற்றை அறை. கட்டிலைச் சுற்றி நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை. பார்க்க வருகிறவர்களை எல்லாம் மேலே ஏற்ற முடியாது என்பதால், கீழே அவருடைய பழைய ரேடியோ ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்துவிடுவதென்று காலையில் முடிவாயிற்று. தலைப்பக்கம் லைன்மேனும் இன்னொருவரும், கால்பக்கம் சின்னவர். அறுபது வயதாகியும், பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பது வருஷம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றும், அந்தத் தெருவுக்கு அவர் சின்னவர்தான். அண்ணன் இருக்கும்வரை தம்பி வேறு என்னவாக ஆகிவிட முடியும்? படிக்குப் படி அண்ணனின் குதிகால் அவர் நெஞ்சில் இடித்தது. உயிரோடு இருந்தபோது கையை ஓங்குவதோடு நிறுத்திக்கொண்ட மனிதர்.

“எங்க வைக்கிறது?”

ஆளைக் கிடத்தும் நீளத்துக்கு அங்கே இருந்தது சுவரை ஒட்டிய வேலை மேசை ஒன்றுதான். எட்டடி நீளம், மேலே நீல ரப்பர் விரிப்பு. நேற்றுக் காலை பத்தரை மணிக்குத்தான் அதன் முன்னால் ரிப்பன் வெட்டினார்கள். பெரியவரை அதன்மேல் கிடத்தினார்கள். ரப்பரின் புது வாசனை இன்னும் போகவில்லை.

நாற்காலிக்கு யாரும் அலையவில்லை. திறப்பு விழாவுக்கு வாடகைக்கு எடுத்த நாற்பதும் அப்படியே கிடந்தன. மேடையைப் பார்த்திருந்த வரிசையை மேசையைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான்.

மேசைக்கு மேலே சுவர் முழுக்கப் பெரியவரின் கருவிகள் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தைப் பெயின்டில் வரைந்து, எடுத்தவர் எடுத்த இடத்திலேயே திரும்ப மாட்டும்படி சின்னவர் செய்திருந்தார். பெரியவர் தன் கருவிகளின் கைப்பிடியில் எல்லாம் சிவப்பு அடித்து வைத்திருப்பார். அந்தச் சிவப்பைத் தொட்டவன் தொலைந்தான். அதே சிவப்பின் மேல் சின்னவர் ஒரு வாரம் உட்கார்ந்து பச்சை அடித்திருந்தார். பச்சை என்றால் எல்லாருக்கும் பொது. வாசல் பலகையிலும் பச்சை எழுத்துத்தான்: பொது மின்னணுப் பட்டறை. யாரும் வரலாம், யாரும் கற்கலாம், யாரும் கருவியை எடுக்கலாம்.

அண்ணனின் தலைக்குக் கீழே துணியை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் சின்னவர் அதைப் பார்த்தார். மேசைக்கு நேர் மேலே, கருவிகளின் நடுவே, பச்சை நூலில் ஓர் அட்டை தொங்கியது.



அட்டை அவரே கொண்டுவந்த சட்டம். ஆய்வகத்தில் முப்பது வருஷம் குடுவைக்கும் குப்பிக்கும் சீட்டு ஒட்டிப் பழகிய கை. பட்டறையில் யார் எதைப் பழுது பார்த்தாலும் ஓர் அட்டை எழுத வேண்டும். என்ன பொருள், என்ன பழுது, என்ன செய்தோம், எத்தனை மணிக்கு, கடைசியில் உரிமையாளர் கையெழுத்து. “அட்டை எழுதாத வேலை செய்யாத வேலை” என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்திருக்கிறது. லைன்மேன் ஒருவர்தான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர். எழுதியதை மேசை இழுப்பறையில் போட்டிருப்பார் என்று சின்னவர் நினைத்திருந்தார். இப்படி நடுச்சுவரில் மாட்டுவார் என்று யார் கண்டது?

பெரியவர் இரண்டு வருஷமாகப் படுக்கை. பக்கவாதம் வலப்பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது, கோபத்தை மட்டும் விட்டுவைத்தது. இடது கைக்கு எட்டும்படி கட்டில் சட்டத்தில் ஒரு பழைய ஸ்விட்சைப் பொருத்தி, ஒயர் இழுத்து, கீழே கடைவாசலுக்கு மேல் ஒரு மணி வைத்துக் கொடுத்தவர் சின்னவர். “உன் கை பட்டா ஓடுறதும் நின்னுடும்” என்று நாற்பது வருஷம் சொன்ன அண்ணன், தம்பி செய்த ஒரு பொருளைப் பயன்படுத்தியது அது ஒன்றைத்தான். ஒருமுறை அடித்தால் தண்ணீர். இரண்டு முறை என்றால் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் கோபம். சாவுக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. மாடியில் ஒருவர் படுத்திருக்கிறார் என்று தெருவுக்குத் தெரியும். மணி அவர் கையில் இருக்கிறது என்பது அந்த வீட்டின் மூன்று பேருக்கு மட்டுமே தெரியும்.

மூடிக் கிடக்கிற கடையில் பட்டறை வைக்கலாமா என்று கேட்டபோது அண்ணி உடனே தலையாட்டிவிடவில்லை.

“கடை அவரோடது தம்பி. சரின்னு சொல்ல நான் யாரு? அவர் காதுல விஷயத்தைப் போட்டு வைக்கிறேன். நீ விழாவை நடத்து. பிடிக்கலைன்னா மணியை அடிச்சு ஊரைக் கூட்டிருவாரு, எனக்குத் தெரியாதா அவரை? அடிச்சா, வந்தவங்களுக்கு டீயைக் குடுத்து அனுப்பிட்டுப் பலகையைக் கழட்டிடு. அடிக்கலைன்னா கடை உனக்கு.”

“சரி அண்ணி.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

நேற்றுக் காலை அண்ணி கண்ணாடிக் கடைக்குக் கிளம்பினாள். பழைய மூக்குக்கண்ணாடி உடைந்து இரண்டு மாதமாக மாத்திரைப் பட்டையைக்கூடத் தடவிப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். புதுசு தயார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். “நான் வர்ற வரைக்கும் உன் காது மேலேயே இருக்கணும்” என்று வாசலில் திரும்பி நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாற்பது பேர் உட்கார்ந்து தன் பேச்சைக் கேட்பது சின்னவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நாலு பக்கம் எழுதி வைத்திருந்தார். இரண்டாம் பக்கத்தில், ‘ஒருவர் கையில் பூட்டிக் கிடக்கும் கருவி’ என்ற இடத்துக்கு வந்தபோது மணி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. பிறகு விடாமல் அடிக்க ஆரம்பித்தது. முன்வரிசையில் இருந்த தலைமையாசிரியை அண்ணாந்து பார்த்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சின்னவருக்குக் காது மடல் சுட்டது. இப்போதும் விடமாட்டாயா, படுத்துக்கொண்டும் விடமாட்டாயா என்று மனசுக்குள் அண்ணனைத் திட்டினார்.

“பழைய கடை மணி,” என்றார் சிரித்தமுகமாக. “லைன்ல எங்கயோ உரசுது. தானா அடிக்கும். லைன்மேன் சார், கொஞ்சம் பாருங்களேன்.”

டெலிபோன் கம்பத்திலேயே பாதி ஆயுளைக் கழித்த மனிதருக்கு இதெல்லாம் ஒரு வேலையா? சுவரிலிருந்து பச்சைக் கைப்பிடி கட்டிங் பிளேயரை எடுத்தார், ஸ்டூலில் ஏறினார், ஒரே நறுக். மணி நின்றது. கூட்டம் கைதட்டியது.

“பட்டறையோட முதல் வேலை!” என்றார் தலைமையாசிரியை. “இதுக்கும் அட்டை உண்டா?”

“அட்டை இல்லாம இங்க எதுவுமே கிடையாதுங்க” என்றார் சின்னவர். அதற்கும் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்தபோது அவருக்கு மட்டும் அது கேட்டது. தலைக்கு மேலே மச்சுப் பலகைக்கு அந்தப் பக்கம், அந்தப் பழைய ஸ்விட்சின் சத்தம். டக். டக். டக். அவர் மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, குரலை உயர்த்தி வாசித்தார். டீ வந்த நேரத்தில் சத்தம் நின்றிருந்தது. அண்ணனுக்குக் கோபம் தணிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டார்.

ஒரு மணிக்கு அண்ணி வந்தாள். வாசற்படியில் கால் வைக்கும்போதே கேட்டாள்.

“மணி அடிச்சாரா?”

“இல்ல அண்ணி. ஒரு தடவைகூட அடிக்கல.”

“பாத்தியா! நான்தான் சொன்னேனே, அந்த மனுஷனுக்கு உள்ளுக்குள்ள உன்மேல ஆசை இருக்குன்னு.” பையைக்கூடக் கீழே வைக்காமல், முகமெல்லாம் பல்லாக மாடிக்கு ஏறினாள். சின்னவர் வெட்டின ரிப்பனைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து அவள் போட்ட சத்தத்தில் ரிப்பன் கையிலிருந்து விழுந்து உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது.

மருத்துவர் வந்து பார்த்தார். “மாரடைப்பு. பதினொண்ணேகால், பதினொண்ணரை இருக்கும். உடனே தூக்கிட்டு வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம். யாரையும் கூப்பிடலையா இவர்?”

“இல்லையே டாக்டர். கை அந்த ஸ்விட்ச் மேலதான் இருந்துச்சு. ஆனா அடிக்கலை. தம்பி கீழதானே இருந்தான்” என்றாள் அண்ணி.

மருத்துவர் சின்னவரைப் பார்த்தார். சின்னவர் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். வாசல் பலகைக்காகச் சொன்ன பொய், சாவுக்கும் சேர்த்துச் சொன்ன பொய்யாகிவிட்டது. இனி அதைத் திருத்த வழியில்லை.

இன்று காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் அண்ணி அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியவரின் கால்மாட்டில் உட்கார்ந்து, ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக்கொண்டு சொன்னாள். “ஈ உட்கார்ந்தாக்கூட மணி அடிக்கிற மனுஷன். நேத்து உயிரே போகுது, அடிக்கலை. ஏன்னு கேளுங்க. கீழ தம்பியோட விழா நடந்துட்டிருந்துச்சு. அதைக் கெடுக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுட்டுப் போயிட்டாரு.”

கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். “என்ன இருந்தாலும் கூடப்பிறந்த பாசம்” என்றார் ஒருவர். அவர் ஒருகாலத்தில் பெரியவரிடம் ரேடியோவைக் கொடுத்துவிட்டு, ‘எப்ப கிடைக்கும்’ என்று இரண்டாம் முறை கேட்டதற்காக வாசலை விட்டு விரட்டப்பட்டவர். வாழ்ந்த காலத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கடன் கொடுக்காத அண்ணன், செத்த மறுநாள் தியாகியாகிவிட்டார். அண்ணி சின்னவரைப் பார்த்து, “கடை உனக்குத்தான் தம்பி. அவரே குடுத்துட்டுப் போயிட்டாரு” என்றபோது சின்னவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. அடியில் எங்கேயோ சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

பத்து மணிக்குப் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வந்தார். கையில் டேபிள் ஃபேன். அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பெரியவர் முன்னால் கண்ணை மூடி நின்றார். பிறகு சின்னவர் பக்கம் நகர்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“துக்கத்துக்குத்தான் வந்தேன். எப்படியும் வர்றோமேன்னு இதையும் எடுத்துட்டு வந்தேன். சுத்த மாட்டேங்குது. தப்பா நினைச்சுக்காதீங்க.”

“இன்னைக்கு எப்படிங்க...”

“அவசரமே இல்ல. நேத்து உங்க ஆளு அந்த மணியை ஒரே நொடியில அடக்கினாரே, அதைப் பாத்ததுலேருந்து எனக்கு நம்பிக்கை.”

“வெச்சுட்டுப் போங்க, வெச்சுட்டுப் போங்க” என்று சின்னவர் ஃபேனைப் பிடுங்காத குறையாக வாங்கி மேசைக்கு அடியில் தள்ளினார். அண்ணி பக்கம் பார்த்தார். நல்லவேளை, அவளை ஒரு பெண்மணி கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தாள்.

ஆனால் லைன்மேன் கேட்டுவிட்டார். அவர் அண்ணிக்குப் பின்னால்தான் காலையிலிருந்து தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தார். அண்ணி சொல்கிற கதையை ஏழெட்டுத் தடவை கேட்டாயிற்று. எந்த மணி, எந்தக் கை என்று அவருக்கு இப்போதுதான் விளங்கியது. சின்னவரைப் படிக்கட்டு மூலைக்குக் கூட்டிப்போனார்.

“அந்த மணியா சார்?”

சின்னவர் திரும்பி அண்ணி இருந்த பக்கம் பார்த்தார்.

“அவர் கூப்பிட்டிருக்காரு. நான் ஸ்டூல் போட்டு ஏறி வெட்டியிருக்கேன். என் கையாலயா சார்?”

“மெதுவா.”

“லைன்ல உரசுதுன்னீங்களே. தானா அடிக்கும்னு சொன்னீங்களே.”

“நான் பாருங்கன்னுதானே சொன்னேன்,” என்றார் சின்னவர். “வெட்டுங்கன்னு சொன்னேனா? நாப்பது பேர் இருந்தாங்க, யாரை வேணா கேட்டுப் பாருங்க.”

லைன்மேன் அவரையே பார்த்தார். கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைப் படியில் வைத்துவிட்டார். சொன்ன வார்த்தைக்காகச் சின்னவர் வெட்கப்பட்டார். ஆனாலும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. “அந்த அட்டையை மட்டும் எடுத்துடுங்க” என்றார்.

“நான் எதையும் தொடமாட்டேன் சார்” என்று சொல்லிவிட்டு லைன்மேன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

வேறு வழியில்லை. சின்னவர் மேசை அருகே போனார். அட்டை சுவரை ஒட்டித் தொங்கியது. அண்ணனைத் தாண்டிக் கையை நீட்டினால்தான் எட்டும். ஒரு கையை மேசையில் ஊன்றி, நெஞ்சு அண்ணனின் நெஞ்சில் படும்படி சாய்ந்து, மற்றக் கையை நீட்டினார். விரல் நுனி நூலைத் தொட்டது.

“ஐயோ, சின்னவரைப் பிடிங்கப்பா!” என்று யாரோ கூவினார்கள்.

இரண்டு பேர் பாய்ந்து வந்து அக்குளில் கைகொடுத்து அவரைத் தூக்கினார்கள். “விடுங்க” என்று அவர் திமிறினார். திமிறத் திமிற இறுக்கிப் பிடித்தார்கள். “மனசை விடாதீங்க. அண்ணனுக்கு அண்ணனா, அப்பாவுக்கு அப்பாவா இருந்தவரு, கஷ்டம்தான்” என்று முதுகைத் தடவி, அட்டை இருக்கும் சுவருக்கு எதிரில் உள்ள நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இருவரும் அவருக்கு இரண்டு பக்கமும் காவலுக்கு உட்கார்ந்துகொண்டார்கள்.

அண்ணி அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள். “எப்படிக் கட்டிக்கிட்டான் பாருங்க! அவர் இருக்கிறப்ப ஒரு நாள் இப்படிக் கட்டிக்க விட்டிருப்பாரா?”

மூன்று மணிக்கு, வண்டி கிளம்பிவிட்டதென்று தகவல் வந்தது. எல்லாரும் எழுந்து ஒருமுறை சுற்றி வந்தார்கள். அண்ணி பெரியவரின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

“மங்கலாத்தான் தெரியுது” என்றாள். “இருங்க, கண்ணாடி வாங்கினேனே. அதைப் போட்டு ஒரு தடவை பாத்துக்கறேன்.”

பையிலிருந்து பெட்டியை எடுத்தாள். அதன்மேல் கடைக்காரன் ஒட்டிய தாள்கூடப் பிரிக்காமல் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவர் நெற்றி, புருவம், ஒரு பக்கம் இழுத்துப்போன வாய், சவரம் செய்யாத தாடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “இவ்வளவு நரைச்சிருச்சா உங்களுக்கு?” என்று அவரிடமே கேட்டாள். கண்ணாடியைக் கழற்றாமல் நிமிர்ந்தாள்.

சின்னவர் எழுந்திருக்கப் பார்த்தார். காவலுக்கு இருந்தவர் தோளை அழுத்தினார்.

லைன்மேனின் கையெழுத்து பெரிது. குண்டு குண்டாக, கோடு தாண்டாமல் எழுதுவார். அட்டை எண் 1. பொருள்: வாசல் மணி. பழுது: காரணம் இல்லாமல் விடாமல் அடிக்கிறது. செய்த வேலை: ஒயர் துண்டிக்கப்பட்டது. நேரம்: காலை 11.20. நிலை: சரி செய்யப்பட்டது, இனி அடிக்காது. கீழே, உரிமையாளர் கையெழுத்துக்கு ஒரு கோடு காலியாக இருந்தது.

அண்ணி புதுக்கண்ணாடியில் முதன்முதலாகப் படித்தது அதைத்தான். ஒருமுறை படித்தாள். விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். 11.20 என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு திரும்பி வாசலுக்கு மேலே மணியைப் பார்த்தாள். நாற்காலியில் இருந்த சின்னவரைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வாரென்று காத்திருந்த மாதிரி இருந்தது. அவர் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அண்ணி மாடிப்படி ஏறினாள்.

“எதையாவது மறந்திருப்பாங்க” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

வண்டி வந்து வாசலில் நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். எல்லாரும் எழுந்து நின்றதால் நாற்காலிகளின் சத்தம் அடங்கி, ஒரு நிமிஷம் கடை அமைதியாயிற்று. அப்போது தலைக்கு மேலே மச்சுப் பலகைக்கு அந்தப் பக்கம் கேட்டது.

டக்.

கொஞ்சம் நேரம் கழித்து, டக். டக்.

“மேல என்னப்பா சத்தம்?” என்றார் ஒருவர். கடைசி வரிசையில் லைன்மேன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“நேரமாச்சு. அவங்களைக் கூப்பிடுங்க” என்றார் ஓட்டுநர்.

எல்லாரும் சின்னவரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து படிக்கட்டுக்குப் போனார். முதல் படியில் காலை வைத்தார், எடுத்துவிட்டார். மேலே ஸ்விட்சின் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. வாசலுக்கு மேலே மணி சும்மா இருந்தது. அதிலிருந்து தொங்கிய ஒயரின் வெட்டுப்பட்ட நுனியில் செம்பு இன்னும் புதுசாகவே மின்னியது.